வெள்ளிக்கிழமை மாட்சா டின்

பகாவ்
3 ஜூலை 2025, வியாழன்

சுலைஹா அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். போன வாரமும் அதுதான் நடந்தது. எனவே உங்கள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டு, புக்கிட் பெலண்டோக் தோட்டத்துப் பள்ளியில் நாம் ரெண்டு பேரும் படித்த தமிழில் எழுதுகிறேன். காலி டின்னோடு இதையும் ஐஸ் பெட்டியில் வைத்து என் வீட்டுக்காரர் தேவனிடம் கொடுத்துவிடுகிறேன். எப்படியும் வெள்ளிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்கு வருகிறவர், மம்பாவில் உங்கள் வீட்டில் சரக்கு எடுக்கத்தானே வேண்டும். நீங்களும் தைரியமாகப் பதில் எழுதலாம். தேவன் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழில் தன் பெயரையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பான் பச்சைத் தேயிலைப் பொடி என்று நீங்கள் அனுப்பும் மாட்சா சரியில்லை. நான் இந்தப் பானக் கடையைத் திறந்த புதிதில் டின்னைத் திறந்தால் பச்சைப் பசேல் என்று இருக்கும், புதுத் தளிர் வாசம் வரும். இப்போது காய்ந்த பாண்டான் இலை நிறம். கரண்டியால் எடுத்தால் கட்டி கட்டியாக வருகிறது, எவ்வளவு அடித்தாலும் நுரை எழும்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு புகை நாற்றம். திங்கட்கிழமை லோகேஸ்வரி டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன விமலா, மாட்சாவ சட்டியில போட்டு வறுத்தியா?” என்று கேட்டுவிட்டு கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவரோடு வருகிற மற்ற டீச்சர்களும் அதற்குப் பிறகு வரவில்லை.

நேராகவே கேட்கிறேன். நல்ல பொடியை உங்கள் ஆன்லைன் வாடிக்கைக்கு வைத்துக்கொண்டு, பழசை எனக்குக் கலந்து தள்ளுகிறீர்களா? தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். நான் தானம் கேட்கவில்லை அக்கா, வியாபாரம் செய்கிறேன்.

இந்தக் கடை போனால் நான் மறுபடியும் கையுறை ஃபேக்டரிக்கு நைட் ஷிஃப்ட் போக வேண்டும். இவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. “மூடிட்டுப் போ லா” என்று தினமும் ஒரு தடவை சொல்கிறார். ஊரில் எல்லாரும் என் கடை மூடுவதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. அதில் நீங்களும் ஒருவரா என்று தெரிய வேண்டும்.

விமலா

*

மம்பாவ்
4 ஜூலை, வெள்ளி

விமலா,

எங்கள் வீட்டுக்காரர் ஜும்மா தொழுகை முடிந்து வந்து, தேவனோடு ஹாலில் சாப்பிடுகிறார். அவர்கள் கை கழுவுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கையெழுத்தைக் குறை சொல்லாதே, குறை சொல்ல உனக்கு வேறு நிறைய இருக்கிறது.

பழசைக் கலக்கிறேனா? உன் வாயில் எப்படி வந்தது அது? என் வாப்பா தோட்டத்தில் கடை நடத்தியபோது அரிசியில் ஒரு கல் கலந்தார் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

நான் எப்படி வைக்கிறேன் என்று கேட்டுக்கொள். பெரிய பை பிரிக்காமல் ஃப்ரீஸரில் கிடக்கிறது. அதற்கென்றே தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருக்கிறேன், அதில் மீனும் கிடையாது, நாறுகிற இறால் பெலாச்சானும் கிடையாது. ஒரு பையை எடுத்தால் ராத்திரி முழுக்க வெளியில் வைத்து, குளிர் சுத்தமாக விட்ட பிறகுதான் பிரிப்பேன். வெளிச்சம் புகாத டின்னில் போட்டு, உள்மூடியை அழுத்தி மூடி, மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் வைப்பேன். வெள்ளிக்கிழமை தேவன் வந்து நின்ற பிறகுதான் அது வெளியே வரும்.

இனி உன் கதையைச் சொல். டின்னை எங்கே வைக்கிறாய்? தண்ணி கொதிக்கிற பாய்லருக்கு மேல் தட்டிலா? ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடு திறக்கிறாயா? ஐஸ் கிளாஸ் வெளியில் வேர்க்கிறது இல்லையா, அது மாதிரி பொடியும் வேர்க்கும். அப்படி ஒரு தடவை வேர்த்தால் போதும், கட்டி பிடிக்கும், நிறம் செத்துவிடும். ஈரக் கரண்டி போட்டாலும் அதே கதிதான். தேயிலை ஜாதிக்கு மூக்கு ஜாஸ்தி, பக்கத்தில் என்ன இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். புகை நாற்றம் என்கிறாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் சாம்பிராணி போடுவது நீதானே?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதற்கு மேல் எழுதினால் எனக்கு அழுகை வரும், அதற்கும் நீ ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பாய்.

சுலைஹா

*

பகாவ்
10 ஜூலை, வியாழன்

சுலைஹா அக்காவுக்கு,

ஆடத் தெரியும். நீங்கள் சொல்லிக் கொடுத்த ஆட்டம்தான்.

டின் கடைக்கு வந்ததும் நான் தொடுவதில்லை. ராத்திரி மூடியோடு மேசையில் கிடக்கும், மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்து, குளிர் இல்லை என்றால்தான் திறப்பேன். பாய்லர் ஒரு மூலை, டின் இன்னொரு மூலை, அதுவும் கதவு போட்ட அலமாரிக்குள். கரண்டி காய்ந்த கரண்டி. நான் திறக்கிற அந்த முதல் தடவையிலேயே கட்டியும் நாற்றமும் இருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சாம்பிராணி பேச்சை எடுத்தது நீங்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால், உங்கள் வீட்டில் வியாழன் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு போடுவீர்கள். சின்ன வயதில் உங்கள் வாப்பா கடையில் புகைக்குள் நின்று நான் மிட்டாய் வாங்கியிருக்கிறேன், மறந்துவிடவில்லை. வியாழன் போட்ட புகை, வெள்ளி வரும் டின். கணக்கு எனக்கும் தெரியும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அதே பெட்டியில் வருகிற கிரீன் டீ இலை மட்டும் நன்றாக இருக்கிறது. உங்கள் மெஷினில் வாய் ஒட்டிய அலுமினியப் பாக்கெட்டில் வருகிறதே, அதில் எந்த நாற்றமும் இல்லை. கொதிக்கிற தண்ணியை இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றினால் பழைய மாதிரியே இனிக்கிறது. மாட்சா மட்டும் ஏன் இப்படி? விலை கூடினது என்பதாலா?

இந்த வாரம் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் உங்கள் அடையாளம் ஏதாவது போட்டு அனுப்புங்கள். அப்படியும் நாறினால் தப்பு உங்கள் வீட்டில்தான் என்று முடிவு. நான் கோலாலம்பூரில் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

விமலா

*

மம்பாவ்
11 ஜூலை, வெள்ளி

விமலா,

டேப் ஒட்டியிருக்கிறேன். அதன்மேல் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு கோடு, டேப்பிலும் டின்னிலும் சேர்த்து இழுத்திருக்கிறேன். யாராவது பிரித்து ஒட்டினால் கோடு கோட்டோடு சேராது. உன் சந்தேகத்துக்காக நகப்பாலிஷைத் திறந்தேன், என் நகத்துக்குக்கூட இந்த வருஷம் திறக்கவில்லை.

நீ வேறு ஆள் பார்ப்பதானால் பார். ஆனால் போகிற போக்கில் நீ எழுதிய இலை விஷயத்தை டேப் ஒட்டும்போதெல்லாம் யோசித்தேன். ரெண்டும் ஒரே வீட்டில் இருந்தவை, ஒரே பெட்டியில் வந்தவை. என் சாம்பிராணி என்றால் இலையும் நாறியிருக்க வேண்டாமா? பாக்கெட்டின் வாயை வெட்டாமல் திறக்க முடியாது. டின்னைத் திறந்து மூடலாம்.

அப்படியென்றால் யாரோ திறக்கிறார்கள். நான் திறக்கவில்லை, நீயும் திறக்கவில்லை என்கிறாய். என் வாசலிலிருந்து உன் கடை வரைக்கும் அந்தப் பெட்டி யார் கையில் இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். அவர் இப்போது என் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சுலைஹா

*

பகாவ்
17 ஜூலை, வியாழன்

அன்புள்ள சுலைஹா அக்காவுக்கு,

கோடு சேரவில்லை.

டேப்பை யாரோ உரித்து, மறுபடி நிதானமாக ஒட்டியிருக்கிறார்கள். மேல் கோடு ஒரு பக்கம், கீழ் கோடு ஒரு பக்கம். உள்ளே அதே கட்டி, அதே நாற்றம். உங்களைத் திட்டினதற்கெல்லாம் நேரில் வந்து காலைப் பிடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் இவர் லேட்டாக வருகிறார். கேட்டால், “குவாலா பிலா ரோட்ல ஜேம் லா” என்கிறார். அந்த ரோட்டில் என்ன ஜேம்? செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மாடுதான் குறுக்கே வரும். வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போய்விடுகிறார். முன்பெல்லாம் நான் ஒன்றும் நினைத்ததில்லை.

இவருடைய பெரியப்பா மகன் தர்மேந்திரன் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஜூஸ் தண்ணிக் கடை போட்டிருக்கிறான், தெரியுமா? அவனும் இப்போது ஐஸ் மாட்சா விற்கிறான். ஏது சரக்கு என்று கேட்டால் சிரிக்கிறான். நல்ல பொடியை வழியில் அவனுக்குக் கொட்டிவிட்டு, எங்கேயோ வாங்கின சீக்குப் பொடியை என் டின்னில் நிரப்புகிறார்களோ? அவனும் பிழைத்த மாதிரி ஆச்சு, என் கடையும் மூடின மாதிரி ஆச்சு. இவருக்கு வேண்டியதும் அதுதானே.

ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன். “ரெண்டு பேரும் என்ன அப்படி எழுதுறீங்க?” என்று கேட்டார். சமையல் குறிப்பு என்றேன்.

விமலா

*

மம்பாவ்
18 ஜூலை, வெள்ளி

அன்புள்ள விமலாவுக்கு,

காலைப் பிடிப்பதெல்லாம் அப்புறம். முதலில் வாயை மூடிக்கொண்டிரு. அவரிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டால் உஷாராகிவிடுவார்.

வீட்டுக்காரர் என்பதால் நம்பிவிடாதே. நானும் இவ்வளவு நாள் அவரை நல்லவர் என்றுதான் நினைத்துச் சோறு போட்டேன். பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பகாவில் எங்கள் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். நானும் எங்கள் வீட்டுக்காரரும் காரில் வருகிறோம். தேவன் கிளம்பின கையோடு பின்னாலேயே வருவோம். எங்கே நிற்கிறார், யாருக்குக் கொடுக்கிறார், என் கண்ணாலேயே பார்க்கிறேன். அவர் பெட்டியில் ஒரு டின் வரும். அதே பையில் அள்ளின இன்னொரு டின்னை என் மடியில் வைத்துக்கொண்டு வந்து உன் கையில் தருவேன். ரெண்டையும் திறந்து பார், திருடன் யார் என்று தெரிந்துவிடும்.

சுலைஹா

*

பகாவ்
31 ஜூலை, வியாழன்

அக்கா,

ரெண்டு டின்னையும் திறந்தேன். நீங்கள் கொண்டுவந்தது பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒரு கட்டி இல்லை, அடித்தால் நுரை மெத்தென்று நிற்கிறது. இவர் கொண்டுவந்தது வழக்கம் போல.

லோகேஸ்வரி டீச்சரைப் போய்க் கூப்பிட்டுக் கலக்கிக் கொடுத்தேன். முழுதும் குடித்தார். செவ்வாய்க்கிழமை மற்ற டீச்சர்களையும் கூட்டி வந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம், என்னால் முடியவில்லை.

ஏன் என்றால் நீங்கள். என் கையில் டின்னைத் திணித்துவிட்டு, “நிக்காஹ்வுக்கு நேரமாச்சு” என்று காரில் ஏறிவிட்டீர்கள். என் கண்ணைப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டு அண்ணனும் உடனே காரைக் கிளப்பிவிட்டார். அப்புறம் ஒரு வாரமாக ஒரு சேதி இல்லை. வழியில் என்ன பார்த்தீர்கள்? தர்மேந்திரனா? அதைவிட மோசமா? வேறு ஒரு பெண்ணா?

இவர் வேறு அன்றிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார். உங்கள் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள். இந்தப் பதிலிலும் மறைத்தால் அடுத்த டின் எனக்கு வேண்டாம்.

விமலா

*

மம்பாவ்
1 ஆகஸ்ட், வெள்ளி

அன்புள்ள விமலாவுக்கு,

சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அதை மீறித்தான் எழுதுகிறேன். அந்த மனுஷனை நீ இன்னொரு வாரம் சந்தேகப்படுவதைவிட இது சின்னப் பாவம், அல்லாஹ் மன்னிப்பான்.

குவாலா பிலா தாண்டி, செம்பனைத் தோட்டத்து வளைவில் தகரக் கூரை போட்ட ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. தேவன் அங்கே வேனை ஓரங்கட்டினார். நாங்கள் தள்ளி நிறுத்தினோம். தர்மேந்திரன் எங்கே, தர்மேந்திரன் எங்கே என்று நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன். ஒருத்தரும் வரவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து டின்னை எடுத்தார். டேப்பைப் பொறுமையாக உரித்தார். மூடியைத் திறந்து முனியாண்டிக்கு முன்னால் வைத்துவிட்டு, கப் சாம்பிராணி ஒன்றைப் பற்றவைத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று போதாதென்று இன்னொன்று.

நான் காரை விட்டு இறங்கிப் பின்னாலேயே போய்விட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாமியிடம் பேசிக்கொண்டிருந்தார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“ஐயா, அவ கடைய மட்டும் மூட விட்டுடாதீங்க. நான் மூடு மூடுன்னு சொல்றத நீங்க கணக்குல எடுக்காதீங்க லா. திரும்ப நைட் ஷிஃப்ட் போனா அவ ஒடம்பு தாங்காது.”

நான் செருமினேன். பாவம், தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. டின்னை ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

“மூடி வச்சிருந்தா உள்ள என்ன இருக்குன்னு சாமி எப்படிக்கா பாக்கும்? படைக்கிறத யாராச்சும் மூடி வச்சுப் படைப்பாங்களா?”

அப்புறம் ஏன் வீட்டில் மூடச் சொல்கிறீர்கள் என்றேன்.

“அவள உங்களுக்குத் தெரியாதாக்கா? நான் நல்லா நடத்துன்னு சொன்னா மறுநாளே மூடிருவா. மூடுன்னு சொன்னாத்தான் வீம்புக்கு நடத்துவா. அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா, சிரிப்பா.”

அவர் கண் கலங்கியிருந்தது விமலா. நான் பார்த்தேன்.

கடையில் கூட்டம் கொஞ்சம் குறைந்த ஒரு வாரத்தில்தான் இதை ஆரம்பித்தாராம். ஃப்ரிட்ஜ் குளிரோடு இருக்கிற பொடி, அந்த மத்தியான வெக்கையில், அந்தப் புகைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு இருந்தால் என்ன ஆகும்? வேர்த்து, புகையைக் குடித்து, கட்டி பிடித்து உன்னிடம் வந்திருக்கிறது. கூட்டம் குறையக் குறைய அவர் சாம்பிராணியைக் கூட்டியிருக்கிறார். டேப்பைப் பார்த்ததும் சரக்கு சிந்தாமல் இருக்க நான் ஒட்டியது என்று நினைத்து, அதே மாதிரி ஒட்டியும் வைத்திருக்கிறார்.

பொடி கெட்டது அவரால்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீதான் ஏதாவது செய்ய வேண்டும். வேண்டுமானால் இனி ரெண்டு டின்னாக அனுப்புகிறேன், ஒன்றில் பழைய பொடி போட்டு முனியாண்டிக்கு, ஒன்று உனக்கு. அவருக்குத் தெரியவே வேண்டாம்.

நாம் ரெண்டு பேரும் அவரைத் திருடன் என்று எழுதினோம். எழுதியதை அவர் கையிலேயே கொடுத்தும் அனுப்பினோம்.

சுலைஹா

*

பகாவ்
7 ஆகஸ்ட், வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

ரெண்டு டின் வேண்டாம். ஒன்றே அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்து முடித்துத் தலையைத் தூக்கினால், இவர் குளிக்கப் போகாமல் எதிரிலேயே நிற்கிறார். “அக்கா இன்னைக்கு ரொம்ப எழுதிருக்காங்க போல” என்றார். ஆமாம் என்றேன். “வாசி லா, நானும் கேக்குறேன்.”

சமையல் குறிப்பு என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனுஷன் எழுத்து தெரியாமல் தன் மேல் எழுதின குற்றத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தவர், இன்னும் எத்தனை வாரம் சுமப்பார்? கடைக் கதவைச் சாத்திவிட்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். முனியாண்டி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பொடி வேர்த்த இடத்தை வாசித்தேன். ரெண்டு டின் யோசனையை வாசித்தேன். திருடன் என்று எழுதினோம் என்கிற இடத்தில் நிறுத்தித் தாளை மடிக்கப் பார்த்தேன். “ஏன் நிறுத்திட்ட?” என்றார். அதையும் வாசித்தேன்.

மேசையில் இருந்த டின்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

“அப்ப நான்தான் கடையக் கெடுத்துட்டேனா?”

அவ்வளவுதான் அக்கா. திருடன் என்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு ரெண்டு கத்திச் சண்டை போட்டாவது நான் தப்பித்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. நான்தான் அழுதேன்.

கடை கெடவில்லை, டீச்சர்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ஆறவில்லை. நீங்கள் பார்த்துவிட்ட கூச்சத்தில் அந்த வெள்ளி வந்த டின்னைக் கோயிலில் திறக்கவில்லையாம். மறுநாள் காலையில் அதைக் கன்னத்தில் வைத்துக் குளிர் போய்விட்டதா என்று தானே பார்த்தார், பிறகுதான் என்னைத் திறக்க விட்டார். நாளைக்கு ஆடி வெள்ளி. கடையைப் பூட்டிவிட்டு நானும் வேனில் வருகிறேன். திரும்பும் வழியில் முனியாண்டிக்கு நானே பொங்கல் படைக்கிறேன், பானையை நன்றாகத் திறந்து வைத்து. டின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

இனி எனக்கு எழுதும்போது அவருக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுதுங்கள். இதையும் அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அன்றைக்குக் கோயிலில் அவர் கண் கலங்கவில்லையாம், சாம்பிராணிப் புகையாம். கட்டாயம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

அது ஒன்றை மட்டும் நான் நம்பவில்லை அக்கா.

விமலா